நங்கூரக் குறி போட்ட சாக்கு

ஏற்காடு பஜாரில் சுமையாவின் குரல் உயர்ந்தால், பக்கத்துக் கடைக்காரர்கள் முதல் வேலையாகத் தங்கள் கண்ணாடி ஜாடிகளை உள்ளே எடுத்து வைப்பார்கள். அவளுக்கு வாய்க்கு முன்னால் கை பேசிவிடும். ஒரு கோடை விழாக் கூட்டத்தில், குடித்துவிட்டு வந்து அவள் இடுப்பில் கை வைத்த சுற்றுலாக்காரன் ஒருவனை, கடை வாசலில் தொங்கிய வாளைக் கருவாட்டை உருவி முகத்தோடு சேர்த்து விளாசினாள். வாளை பெல்ட் நீளம் இருக்கும். உப்பேறிக் காய்ந்துவிட்டால் சதையைக் கிழிக்கும். கன்னத்தில் ரத்தம் ஒழுக அவன் ஸ்டேஷன் பக்கம் நடந்தான். கருவாட்டால் அடி வாங்கினேன் என்று எழுதிக் கொடுக்க அவனுக்கே கூச்சம் போலிருக்கிறது, பாதி வழியில் திரும்பி பஸ் ஏறிவிட்டான்.

அவள் பிறந்தது சேலத்தில். பெற்ற அத்தாவுக்குத் தோல் பெல்ட்தான் செங்கோல். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று சொல்லிச் சொல்லியே அடிப்பார். அந்தப் பழமொழியைச் சொன்னவன் தன் முதுகைக் காட்டிவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். பதினான்கு வயதில் ஒருநாள் சுமையா வீசி வந்த பெல்ட்டின் நுனியைப் பிடித்து இழுத்தாள். அத்தா நிலைதடுமாறிச் சமையல்கட்டு வாசற்படியில் விழுந்தார், முன்பல் போயிற்று. அதன்பிறகு அவர் அவளைத் தொடவில்லை. அவள் அதில் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று: முந்தி அடிக்கிறவள் அடி வாங்குவதில்லை. பாதி உண்மையை முழு உண்மை என்று எடுத்துக்கொள்ளும் வயது அது. பலரும் அந்த வயதைக் கடைசிவரை கடப்பதில்லை.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவன் ஹாரிஸ், பூனைக்கே வழிவிட்டு நடக்கிறவன். அவனுடைய வாப்பா சையத் இப்ராஹிம் மலையில் ஆரம்பித்த கருவாட்டுக் கடை அது. அவர் காலமான பிறகு சுமையா கல்லாவில் உட்கார்ந்தாள், ஹாரிஸ் பிக்கப் ஜீப்பில் சேலத்து மண்டிக்குப் போய்ச் சரக்கு ஏற்றி வந்தான். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு இறங்கும் எஸ்டேட் ஜனங்களும், செம்மநத்தம், கிளியூர்ப் பக்கத்து விவசாயிகளும் அவளிடம்தான் நெத்திலியும் சாளையும் வாங்கினார்கள். மலையில் மூடுபனி காலத்தில் கருவாடு தண்ணீர் கோத்துக்கொள்ளும். கரி அடுப்பை மூட்டி, சாக்குகளைப் பலகைமேல் ஏற்றி, அவள் அதைப் பிள்ளைபோல் பார்த்துக்கொண்டாள். பிள்ளை என்று அவளுக்கு வேறு இல்லை. இரண்டு முறை கரு தங்கிக் கலைந்தது.

ஒரு டிசம்பரில் பவித்ரா வந்தாள். கடலோரத்தில் கடல் உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண். சிநேகிதிகளோடு ஏரியில் படகு விட வந்தவள், நெத்திலிக் குவியலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். விரல் நீளத்தில், வால் சுருண்டு, காய்ந்து கிடந்தது ஒரு கடல்குதிரை.

“அக்கா, இது எங்கிருந்து வந்துச்சு?”

“கடல்ல இருந்துதான் வந்துது. பின்ன ஏற்காட்டு ஏரியிலயா?” என்றாள் சுமையா. “மூட்டைக்கு ஒண்ணு ரெண்டு இப்புடி வரும் கண்ணு. பொறுக்கி வீசிருவன்.”

பவித்ரா கடை வாசலிலேயே உட்கார்ந்து விளக்கினாள். மருந்துக்கென்று கடத்துகிறார்கள் என்பதால் கடல்குதிரையைப் பிடிப்பதும் விற்பதும் ஜெயிலுக்குப் போகிற குற்றம். ஆனால் அடிக்கடலைச் சுரண்டி வரும் இழுவை வலையில் அது தானாகவும் சிக்கிச் சாகிறது. எங்கே இருக்கிறது, எங்கே அழிகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அதனால் மீனவர்கள், முக்குளிப்பவர்கள், கரையில் மீன் பிரிக்கும் பெண்கள் என்று பலரும் தன்னார்வலர்களாகச் சேர்ந்திருக்கிறார்கள். பார்த்தால் படம் எடுத்து, எந்த இடம், உயிரோடா செத்ததா என்று வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். உயிரோடு இருந்தால் திரும்பக் கடலில் விடுவார்கள். கூலி கிடையாது. உங்கள் மூட்டையும் கடலைப் பற்றிச் சொல்லுமே, நீங்களும் சேருங்களேன் என்றாள்.

“மலை மேல உக்காந்துக்கிட்டு நான் கடலைப் பாக்கறதா?” என்று சுமையா சிரித்தாள். சேர்ந்துவிட்டாள்.

சேர்ந்தவள் சும்மா இருக்கவில்லை. மூட்டை பிரிக்கும்போதெல்லாம் நெத்திலியைத் தட்டில் பரப்பிக் கண்ணால் மேய்ந்தாள். கடல்குதிரை கிடைத்தால் பக்கத்தில் அளவுக்கு ஒரு தீப்பெட்டியை வைத்துப் படம் எடுத்து அனுப்பினாள். பிறகு கடைக்குப் பின்னால் மண்ணில் புதைத்தாள். குழுவில் கடற்கரைப் பையன்கள் அவளுக்கு மலைக்காரி அக்கா என்று பெயர் வைத்தார்கள். அடிவயிற்றில் பை இருந்தால் அது ஆண், குட்டியைச் சுமப்பது அதுதான் என்று பவித்ரா எழுதிய அன்று, அவள் ஹாரிஸிடம் சொன்னாள்.

“ஏனுங்க, இதுல ஆம்பளைதான் சுமக்குதாமுங்க.”

ஹாரிஸ் அந்தப் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தான். “நமக்கும் அப்புடி வெச்சிருந்தா, நான் சுமந்திருப்பனே சுமையா,” என்றான். அவள் உள்ளே போய் அழுதுவிட்டு வந்தாள். அவனை அவ்வளவு பிடிக்கும் அவளுக்கு. பின்னால் நடந்ததைக் கேட்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குழுவில் சேரும்போது பவித்ரா ஒரே ஒரு விதியைத்தான் கண்டிப்பாகச் சொன்னாள். பார்த்ததைச் சொல்லுங்கள், யார் செய்தார்கள் என்று சொல்லாதீர்கள், அது நம் வேலை இல்லை. சுமையா அதற்குத் தலையாட்டினாள். கேட்டது காது மட்டும்தான்.

ஒரு சந்தை நாள். கடையில் நெத்திலி தீர்ந்துபோயிற்று. மூலையில் ஒரு சாக்கை லாட்ஜுக்கு என்று ஹாரிஸ் ஒதுக்கி வைத்திருந்தான். அவன் வர நேரமாகும், லாட்ஜுக்கு நாளைக்குக் கொடுத்தால் போகிறது என்று சுமையா தையலைப் பிரித்துத் தட்டில் கவிழ்த்தாள். நெத்திலியோடு பெரிய பாலிதீன் பொட்டலம் ஒன்று பொத்தென்று விழுந்தது. உள்ளே கடல்குதிரைகள், கட்டுக் கட்டாக ரப்பர் பேண்ட் போட்டு. நூற்றுக்கு மேல் இருக்கும். வலையில் தவறிச் சிக்கியவை அல்ல. தேடிப் பிடித்து, பொறுக்கிச் சேர்த்து, விற்க அனுப்பியவை. பாதிக்குமேல் பை வைத்த ஆண்கள்.

 சாக்கைத் திருப்பினாள். நீலச் சாயத்தில் நங்கூரக் குறி. தொண்டிக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து கருவாடு அனுப்பும் டோமினிக்கின் குறி அது. மாமனார் காலத்திலிருந்து சரக்கு அனுப்புகிறவர். சுமையாவைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர். அவருடைய குப்பத்தில் மூன்று பேர் கடல்குதிரை விற்று ஜெயிலுக்குப் போன பிறகு, கோயில் வாசலில் ஊரைக் கூட்டி, இனி யாரும் அதைத் தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கியவரே அவர்தான். அந்த ஊர்ப் பையன்கள் பாதிப் பேர் குழுவில் இருந்தார்கள்.

ஊரிடம் சத்தியம் வாங்கிவிட்டு உள்ளூர வியாபாரமா? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது ஆண்களுக்கு மட்டும் சொன்னதில்லை. அவர் எதிரே இருந்திருந்தால் கன்னத்தில் விட்டிருப்பாள். முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்ததால் கைக்குப் போனைக் கொடுத்தாள். பொட்டலத்தைச் சாக்கின் மேலேயே பரப்பி, நங்கூரம் தெரியப் படம் எடுத்து, கீழே எழுதினாள்: டோமினிக் அண்ணன் அனுப்பிய மூட்டை, ஊரே பார்த்துக்கோங்க.

ஹாரிஸ் வந்ததும் பொட்டலத்தைக் காட்டினாள். அவன் முகம் வெளுத்தது. “இதையேன் பிரிச்ச?” என்றான்.

“உங்களுக்குத் தெரியுமா இது?”

“மண்டில ஏத்தி உட்டாங்க, நான் என்னத்தைக் கண்டன்,” என்று சொல்லிக் குளிக்கப் போய்விட்டான். அவளும் மேலே கேட்கவில்லை. கோபம் ஒரு திசையில் ஓடிக்கொண்டிருக்கும்போது மறுதிசையில் நிற்கிற ஆள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அன்று சாயங்காலமே பவித்ரா போன் செய்தாள். அவள் அழுதுகொண்டிருந்தாள், அதைவிட அதிகமாகக் கோபப்பட்டாள்.

“பேரைப் போடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா அக்கா? அவர் ஊரே அவர் மேல பாஞ்சிடுச்சு.”

நடந்தது இது. குழுவில் படத்தைப் பார்த்த பையன்கள் அதை ஊரெல்லாம் காட்டினார்கள். ஜெயிலுக்குப் போய் வந்த வீட்டு ஆட்கள் முதலில் கிளம்பினார்கள். டோமினிக் வலை பின்னிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்க அவருக்கு நேரம் தரவில்லை. மணலில் குப்புறத் தள்ளி, வலது கையை இழுத்துப் படகின் விளிம்பில் வைத்து, நங்கூரக் கல்லைத் தூக்கி அதன்மேல் போட்டார்கள். கருவாடு காயும் கொட்டகைக்குத் தீ வைத்தார்கள். தடுக்க வந்த மனைவியைக் கடலுக்குள் இழுத்துப்போய் முக்கி எடுத்தார்கள். யாரோ அந்தக் கையைப் படம் பிடித்திருந்தார்கள். பவித்ரா அதை அனுப்பினாள். விரல்கள் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. சுமையா பார்த்தாள். பார்த்தும், துரோகிக்கு வந்த வினை என்று வாய்விட்டே சொன்னாள். சொன்னாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

“அந்தப் பொட்டலத்தைத் தொடாதீங்க. வனத்துறை அதிகாரிங்க வருவாங்க, அவங்ககிட்ட குடுங்க,” என்று சொல்லிப் பவித்ரா போனை வைத்தாள். சுமையா பொட்டலத்தை உப்பு டிரம்முக்குள் போட்டு மூடினாள்.

மறுநாள் காலையில் செம்மநத்தத்து ராசாத்தி வந்தாள். கேழ்வரகு கட்டக் காலிச் சாக்கு கேட்பது அவள் வழக்கம். கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்த நங்கூரச் சாக்கை எடுத்து உதறியவள், மூலையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு நின்றாள்.

“ஏனுங்க சுமையா, இந்தச் சாக்கைத்தான நான் போன மாசம் கேட்டன்? எலி கடிச்சிருக்குது, தர மாட்டன்னு சொல்லிப்போட்டு, என்ற கண்ணு முன்னாலயே சேப்பு நூல்ல தச்சு, கீழ அனுப்பற கட்டுல வெச்சீங்க. இப்ப மறுக்கா இங்கியே கெடக்குது?”

சுமையா சாக்கை வாங்கிப் பார்த்தாள். மூலையில் அவள் கைத்தையல், அவளுடைய பழைய தாவணிக் கரையிலிருந்து உருவிய சிவப்பு நூல்.

அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. கடையில் காலியாகும் சாக்குகளை ஹாரிஸ் வாராவாரம் சேலத்து மண்டியில் கொடுத்துவிட்டு வருவான். மண்டிக்காரர்கள் அதில் எந்த ஊர்ச் சரக்கை வேண்டுமானாலும் நிரப்பித் தைத்து அனுப்புவார்கள். மேலே இருக்கும் குறி யாருடையது என்று யாரும் கவனிப்பதில்லை. இந்தச் சாக்கை டோமினிக் ஒருமுறைதான் அனுப்பினார், முன்பு எப்போதோ. அவள்தான் அதைக் காலி செய்தாள், தைத்தாள், கீழே அனுப்பினாள். அதற்குள் பொட்டலத்தை வைத்தது மண்டி. டோமினிக்கின் கை போனது அவள் தைத்த சாக்கால்.

“ஏனுங்க, என்னாச்சுங்க?” என்றாள் ராசாத்தி. சுமையா அந்தச் சாக்கைத் தவிர மற்ற எல்லாச் சாக்குகளையும் அவள் கையில் திணித்து அனுப்பினாள்.

ஹாரிஸ் பின்கட்டில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் சாக்கை அவன் முகத்தில் வீசினாள்.

“லாட்ஜுக்குன்னு எத்தனை மூட்டை இப்புடி ஒதுக்கிருக்கீங்க?”

அவன் சொல்லிவிட்டான். சொல்லாமல் இருக்கத் தெரியாதவன். மண்டி முதலாளி சக்திவேல் சில மாதமாக ஒரு மூட்டையைத் தனியாக ஏற்றிவிடுவான். அதை லாட்ஜில் தங்குகிற ஒரு மருந்து வியாபாரியிடம் சேர்க்க வேண்டும். கடல் சாமானை மலைமேல் யார் சோதனை போடப்போகிறார்கள் என்பது சக்திவேலின் கணக்கு. உள்ளே கருவாடு மட்டும் இல்லை என்று ஹாரிஸுக்குத் தெரியும். என்னவென்று கேட்கவில்லை.

“கேட்டா சொல்லிருப்பான். சொன்னா மாட்டன்னு சொல்லோணும். எனக்கு அவனைப் பார்த்தாப் பயம் சுமையா.”

“அண்ணன் கைய நசுக்கின படத்தை நேத்து நீங்களும் பாத்தீங்க. அப்பவுமா வாய் வரல?”

அவன் தலையைக் குனிந்தான். அவள் ஜீப் கழுவும் ரப்பர் குழாயை எடுத்தாள். முதல் அடி தோளில் விழுந்தது, அடுத்தது கழுத்தில். அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. அத்தாவின் பெல்ட் எழுப்புகிற அதே சத்தம் தன் கையிலிருந்து வருவதை அவள் கேட்டாள். கேட்டும் நிறுத்தவில்லை. குழாய் வழுக்கி விழுந்த பிறகுதான் நின்றாள். பதினெட்டு வருஷத்தில் அவனை அவள் அடித்தது அதுவே முதல் தடவை.

மத்தியானம் சக்திவேல் வந்தான், இரண்டு ஆட்களோடு. வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, பார்க்கிறவர்களுக்குப் பெண் பார்க்க வந்தவன்போல் இருந்தான்.

“பொட்டலம் எங்க?” என்றான் ஹாரிஸிடம்.

சுமையா கல்லாவிலிருந்து எழுந்தாள். “இங்க இல்ல. எறங்கிப் போ.”

அவன் அவளைப் பார்க்கவேயில்லை. தராசுத் தட்டிலிருந்து எடைக்கல்லை எடுத்து ஹாரிஸின் மூக்கில் இடித்தான். எலும்பு முறிந்த சத்தம் அடுத்த கடை வரைக்கும் கேட்டது. சுமையாவின் கையில் கருவாடு வெட்டும் கத்தி எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. சக்திவேலின் முன்னங்கையில் முழங்கைவரை கீறிவிட்டாள். வேட்டி சிவந்தது. அவனுடைய ஆட்களில் ஒருவன் அவள் முடியைப் பிடித்துக் கல்லாமேல் முகத்தை மோதினான். இன்னொருவன் டிரம்முகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தான். உப்போடு பொட்டலமும் தரையில் விழுந்தது.

சக்திவேல் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, அவள் காதருகே குனிந்து, மரியாதை குறையாமல் பேசினான்.

“இது உங்க ஊட்டுக்காரர் வண்டியில வந்துதுங்க. உங்க கடையில இருந்துதுங்க. நீங்களே போட்டோ புடிச்சும் போட்டுட்டீங்க. என்ற பேரு எதுலயாச்சும் இருக்குதுங்களா? வாயத் தொறந்தீங்கன்னா உள்ள போறது அவருதானுங்க. ஜெயில்ல அவரு ஒரு வாரம் தாங்குவாரா, நீங்களே ரோசன பண்ணிக்கோங்க.”

பஜாரே கூடி நின்றது. ஜாடிகளை உள்ளே எடுத்து வைத்தார்களே தவிர ஒருவரும் கிட்டே வரவில்லை. பொட்டலத்தோடு கார் இறங்கிப் போயிற்று.

அதிகாரிகள் வந்தபோது சுமையாவின் நெற்றியில் கட்டு, ஹாரிஸின் மூக்கில் பஞ்சு. பொட்டலம் எங்கே என்றார்கள். யாரோ வந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றாள். மூட்டை எங்கிருந்து வந்தது என்றார்கள். ஹாரிஸ் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கழுத்தில் தழும்போடு, வீங்கிய மூக்கோடு, சின்னப் பையன்போல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். எனக்குத் தெரியாதுங்க என்று சொல்லிவிட்டாள் அவள்.

பிறகு குழுவில் எழுதினாள்: அந்த மூட்டை டோமினிக் அண்ணன் அனுப்பியது இல்லை, தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னிச்சுக்கோங்க. அப்படியானால் யார் அனுப்பியது என்று கேட்டார்கள். பதில் சொல்லவில்லை. எவ்வளவு குடுத்து உங்க வாயை வாங்கினார் உங்க அண்ணன் என்று ஒரு பையன் எழுதினான். பாதி உண்மை பொய்யைவிட மோசமாக நாறியது. கருவாட்டு நாற்றத்தில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவள் அந்த நாற்றத்தைத் தாங்க முடியாமல் ராத்திரியெல்லாம் புரண்டாள்.

அடுத்த சந்தை நாளில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தபோது, ஒரு பெண் கடைமுன் வந்து நின்றாள். உப்புக் காற்றில் கறுத்த முகம், கசங்கிய புடவை, விடிய விடிய பஸ்ஸில் வந்த கண். காலில் செருப்பு இல்லை.

“நீதானா சுமையா?”

“ஆமாங்க.”

“நான் டோமினிக் பொண்டாட்டி. செசிலி.”

சொல்லி முடிக்கும் முன் கை இறங்கியது. வலையிழுத்து உரமேறிய கை. சுமையாவின் உதடு கிழிந்து பல்லில் ரத்தம் தெரிந்தது. வரிசையில் நின்ற ராசாத்தி, ஐயோ, இவ இப்பக் கொன்னுபோடுவாளே என்று பின்வாங்கினாள். சுமையாவுக்கும் கை எழத்தான் செய்தது. கல்லாவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது அறை விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது. மூன்றையும் வாங்கிக்கொண்டாள்.

“வாங்கிக்கிட்டு நிக்கிறியே, இந்தப் பொறுமைய உம்பேச்சுல காட்டியிருக்கலாம்ல,” என்றாள் செசிலி. அவள் குரல் கரகரத்தது. “கைய மணிக்கட்டோட எடுத்துட்டாக. எங்கள ஊர விட்டு ஒதுக்கிட்டாக. எம் மகனுங்களப் படகுல ஏத்த மாட்டேங்கிறான் எவனும். அவரு தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்குறாரு. நான் விக்கலன்னு ஊரு ஒத்துக்கிட்டாத்தான் சோறு திம்பேன்னு சுவரப் பாத்துப் படுத்திருக்காரு. நீ அனுப்புன மன்னிப்ப எவனும் நம்பல. இன்னைக்குப் பூச முடிஞ்சு ஊர்க்கூட்டம் உக்காந்திருக்கு. மூஞ்சியக் காட்டிச் சொல்லு. மூட்ட எங்கேர்ந்து வந்துச்சு, யாரு கொண்டாந்தா, எல்லாத்தையும் சொல்லு.”

அவள் போனை எடுத்து வீடியோ அழைப்பு போட்டுச் சுமையாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். திரையில் வெள்ளைவெயில். கோயில் வாசலில் ஆண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஊர்த்தலைவர். ஓரத்தில் பவித்ராவும் நின்றுகொண்டிருந்தாள்.

ஹாரிஸ் கடைக்குள் மூட்டைகளுக்கு நடுவே நின்றான். சுமையா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையை லேசாக, யாருக்கும் தெரியாத அளவுக்கு, வேண்டாம் என்று ஆட்டினான். அவன் கேட்டதெல்லாம் அந்த ஓர் அசைவுதான். பதினெட்டு வருஷத்தில் அவன் அவளிடம் எதையும் கேட்டவன் இல்லை.

சுமையா திரையைப் பார்த்துப் பேசினாள். உதட்டு ரத்தத்தைத் துடைக்கவில்லை.

“அது பழைய சாக்குங்க. அண்ணன் எப்பவோ அனுப்புன சாக்கை நான் தச்சு சேலத்து மண்டிக்குத் திருப்பி உட்டன். அதுல கடல்குதிரைய வெச்சு அனுப்புனது மண்டிக்காரன் சக்திவேலுங்க. சாக்கு மேல இருந்த குறியப் பாத்துட்டு நான் ஆத்திரத்துல அண்ணன் பேரைப் போட்டன். விசாரிக்கல. எனக்கு விசாரிக்கத் தெரியாது, அடிக்கத்தான் தெரியும். அண்ணன் கைய ஒடச்சது நீங்க மட்டும் இல்லீங்க, நானும்தான்.”

கூட்டத்தில் சலசலப்பு எழுந்து அடங்கியது. டோமினிக்கின் கைமேல் கல்லைப் போட்டவர்களும் அங்கேதான் எங்கோ உட்கார்ந்திருக்க வேண்டும். ஊர்த்தலைவர் முன்னால் குனிந்தார்.

“இதத்தான் மொதல்லயும் பாதி சொன்ன. மண்டியில இருந்து வந்துச்சுன்னா ஒங்கிட்டக் கொண்டாந்தது யாரு? அவனக் காட்டு. நம்புறோம்.”

செசிலி போனை இன்னும் கிட்டே நீட்டினாள்.  சுமையா அந்தப் போனை வாங்கினாள். திருப்பினாள். ஹாரிஸின் வீங்கிய மூக்கும், கழுத்தில் இன்னும் மறையாத குழாய்த் தழும்பும் திரையில் நிறைந்தன.

“இவருதானுங்க. என்ற ஊட்டுக்காரரு. ஹாரிஸ். உள்ள கருவாடு மட்டும் இல்லைன்னு இவருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கொண்டாந்தாரு. அதிகாரிங்ககிட்டயும் நான் பொய் சொன்னன். இப்ப சொல்றதுதான் நெசம்.”

ஹாரிஸ் கண்ணை மூடிக்கொண்டான்.  கோயில் வாசலில் ஒரு வயதானவர் எழுந்து தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். ஊர்த்தலைவர் பக்கத்திலிருந்தவனிடம், ஆஸ்பத்திரிக்குப் போ, டோமினிக்குகிட்ட நான் வாரேன்னு சொல்லு என்றார். செசிலி போனைப் பிடுங்கி மார்போடு வைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். ராசாத்திதான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு எழுந்து, சுமையாவை ஒருமுறைகூடப் பார்க்காமல், பஸ் நிலையத்தை நோக்கி நடந்தாள். டோமினிக்கின் பெயர் திரும்பி வந்துவிட்டது. கை வராது.

கடைக்கு வந்த கூட்டம் ஒன்றும் வாங்காமல் கலைந்தது. ஹாரிஸ் உள்ளே போய் முகம் கழுவினான். “துவைச்ச சட்டை எதாச்சும் இருக்குதா?” என்று கேட்டான். அவள் எடுத்துக் கொடுத்தாள். போடும்போது மூக்கில் பட்டு முனகினான். உதவ நீட்டிய அவள் கையை, கோபமில்லாமல்தான், விலக்கினான். ஜீப் சாவியைக் கல்லாமேல் வைத்துவிட்டு, வண்டியைத் தொட வேண்டாம், அதிகாரிங்களே வந்து எடுத்துக்குவாங்க என்றான். ஷட்டரை அவனே இறக்கினான்.

ஸ்டேஷன் கூப்பிடு தூரம்தான். இருவரும் பஜார் வழியாக நடந்தார்கள். பார்த்தவர்கள் பார்த்தார்கள். சக்திவேலின் பெயரையும் லாட்ஜில் தங்கும் மருந்து வியாபாரி பெயரையும் அவன் சொல்லுவான், அவனும் உள்ளே போவான், எத்தனை வருஷம் என்று யாருக்குத் தெரியும். ஏரிப் பக்கம் திரும்பும் இடத்தில் அவளால் அடக்க முடியவில்லை.

“ஏனுங்க, என்ற மேல கோவமாங்க?”

ஹாரிஸ் நின்றான். இத்தனை வருஷத்தில் அவள் பார்த்திராத ஒரு முகத்தோடு அவளைப் பார்த்தான்.

“கோவந்தான்,” என்றான். “நீ சொன்னது சரி. ஆனாலும் கோவந்தான். நட.”

அவள் அவனுக்குப் பின்னால் நடந்தாள்.